ஓட்டின் விலையும் கூரையின் விலையும்

2020ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 2ஆம் திகதி இரவு, பத்தரை மணிக்குப் பின்னர், புரெவி என்று பெயரிடப்பட்ட சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே, குச்சவெளிக்கும் திரியாய்க்கும் இடைப்பட்ட கரையில் ஏறித் தரைக்குள் புகுந்தது. எங்கள் ஊரான புல்மோட்டைக்கு அது அடுத்த வீட்டுச் சங்கதி. மணிக்கு எண்பது முதல் தொண்ணூறு கிலோமீற்றர் வேகத்தில் வீசிய அக்காற்று, சூறாவளி என்னும் பெயருக்குரிய தராதரத்தில் அடிப்படியிலே நிற்பது. ஆயினும் அப்படிப்பட்ட காற்று ஒவ்வொன்றுக்குப் பின்பும், ஒவ்வொரு மாரிக்கு முன்பும், இக்கரையோரத்தில் கூரை மாற்றும் பேச்சு எழுவதும், அப்பேச்சு ஓடா, அஸ்பெஸ்டஸ் சீற்றா, அமானோத் தகடா என்ற ஒரே கேள்வியில் தொடங்கி அதே கேள்வியில் முடிந்துபோவதும் வழக்கமாகிவிட்டன. கேள்வி தவறானதன்று. ஆனால் அது கூரையின் மேல்தோலைப் பற்றிய கேள்வி மாத்திரமே. கூரை நிற்பதும் பறப்பதும், வீடு குளிர்வதும் வேகுவதும், சுவர் காய்ந்திருப்பதும் ஊறிப்போவதும் பெரும்பாலும் வேறு உறுப்புகளைப் பொறுத்த காரியங்கள் என்பதும், அவ்வுறுப்புகளையே நாம் செலவுக் கணக்கிலிருந்து முதலில் வெட்டிவிடுகிறோம் என்பதுமே இங்கே சொல்ல வந்த விஷயம்.

ஹார்ட்வெயார் கடையில் எழுதித் தரப்படும் மதிப்பீட்டுத் தாளை ஒருமுறை நிதானமாகப் பார்த்தால் இது விளங்கும். முதல் வரியில் தகடோ ஓடோ சதுர அடிக் கணக்கில் பெரிய எழுத்தில் நிற்கும். அதன் கீழே முகட்டு மூடி, இரு சாய்வுகள் சந்திக்கும் கூடலுக்கான தகடு, சுவரோரத்தை அடைக்கும் மடிப்புத் தகடு, கைமரத்தைப் பிடிக்கும் இரும்புப் பட்டி, றப்பர் வாஷருடன் கூடிய திருகாணி, பீலி, அலுமினியத் தாள், சீலிங் என்று சிறு சிறு வரிகள் தொடரும். கையிலுள்ள பணம் போதாதென்று கண்டவுடன் பேனா பாய்வது இந்தச் சிறு வரிகளின் மேல்தான். ஓடாவியாரும் மறுப்பதில்லை, மறுத்தால் வேலை வேறொருவரிடம் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். வீட்டுக்காரருக்கோ, தெருவில் நின்று பார்ப்பவர் கண்ணுக்குப் புதிய நிறத்தில் கூரை தெரிந்தால் காரியம் நிறைவேறிய திருப்தி உண்டாகிவிடுகிறது.

காற்றைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும், ஏனெனில் இக்கரை காற்றுக்குப் பெயர் போனது. 1964ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் வட இலங்கையைக் குறுக்கறுத்துச் சென்று தனுஷ்கோடியை இல்லாமற் செய்த புயல், அவ்வழியில் திருகோணமலையையும் விட்டுவைக்கவில்லை. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதை நேரிற் கண்ட முதியோர் இன்றும் கிழக்கு மாகாணமெங்கும் இருக்கின்றனர். 2000ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி மீண்டுமொரு சூறாவளி திருகோணமலைக் கரையில் ஏறியது. இவற்றுள் 1978ஆம் ஆண்டின் அழிவு ஒரு நல்ல விளைவையும் தந்தது. பலத்த காற்றைத் தாங்கும் வண்ணம் கட்டடங்களை நிர்மாணிப்பது எவ்வாறு என்று விளக்கும் வழிகாட்டி நூலொன்றை 1980ஆம் ஆண்டு அரசாங்கம் வெளியிட்டது. அந்நூல் இலங்கையை மூன்று காற்று வலயங்களாகப் பிரித்துக் கிழக்குக் கரையை முதலாம் வலயத்தில், அதாவது மிகக் கடுமையான காற்றுக்குரிய வலயத்தில் வைத்தது. சாதாரண வீடு கூட அங்கே வினாடிக்கு 49 மீற்றர், மணிக்கணக்கிற் சொன்னால் ஏறத்தாழ 176 கிலோமீற்றர், வேகமுள்ள காற்றைத் தாங்க வேண்டும் என்று விதித்தது. நாற்பது வருஷங்களுக்கு மேலாகிவிட்டன. பொறியியலாளர் மேசையில் இருக்கும் அந்த விதி நம் ஓடாவியாரின் கைக்கு வந்து சேர்ந்ததாகத் தெரியவில்லை.

அந்த எண்ணின் பொருள் என்ன என்று ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காற்றின் வேகத்தை வினாடிக்கு மீற்றர் அளவில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, வரும் தொகையில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கைக் கண்டால், ஒரு சதுர மீற்றர் பரப்பில் அக்காற்று செலுத்தும் அழுத்தம் நியூற்றன் கணக்கில் கிடைத்துவிடும். புரெவியின் மணிக்குத் தொண்ணூறு கிலோமீற்றர் என்பது வினாடிக்கு 25 மீற்றர். அதன் அழுத்தம் சதுர மீற்றருக்கு ஏறக்குறைய நாற்பது கிலோ எடைக்குச் சமம். 1980ஆம் ஆண்டு நூல் சொன்ன 49 மீற்றர் வேகத்திலோ அது 150 கிலோ. வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும் என்பதால்தான் இவ்வளவு வித்தியாசம். இனிக் கூரையின் எடையைப் பாருங்கள்: கலிகட் ஓடு சதுர மீற்றருக்கு ஏறத்தாழ நாற்பது கிலோ, அஸ்பெஸ்டஸ் சீற் பதினைந்துக்கு அண்மை, மெல்லிய உலோகத் தகடு ஐந்துக்கும் குறைவு. காற்று கூரையைப் பக்கவாட்டில் தள்ளுகிறது என்றே பலர் எண்ணுகின்றனர். உண்மையிலே அது கூரையின் மேலேறி விரைந்து கடக்கும்போது மேற்புறத்து அழுத்தம் குறைந்து கூரை வான்நோக்கி உறிஞ்சப்படுகிறது, அதே வேளையில் உடைந்த யன்னல் வழியாகப் புகுந்த காற்று கீழிருந்தும் முட்டுகிறது. கூரையின் ஓரங்களிலும் மூலைகளிலும் முகட்டருகிலும் இந்த உறிஞ்சும் விசை மேற்சொன்ன கணக்கை எட்டுவதும் உண்டு, மிஞ்சுவதும் உண்டு. ஆகவே புரெவியைப் போன்ற எளிய காற்றே ஓட்டின் பாரத்தைச் சரிக்கட்டிவிடும்; தகட்டுக்கோ அதன் பாரத்தைப் போல எட்டு மடங்கு விசையை எதிர்க்க ஆணியைத் தவிர வேறு கதியில்லை.

ஆணி தகட்டைச் சலாகையோடு பிடிக்கிறது. சலாகையைக் கைமரத்தோடு பிடிப்பது எது? கைமரத்தைச் சுவரின் தலையில் படுத்திருக்கும் வளையோடு பிடிப்பது எது? அவ்வளையைச் சுவரோடு பிடிப்பது எது? இந்த வினாக்களை வரிசையாகக் கேட்டுக்கொண்டே அத்திவாரம் வரையில் இறங்கி, ஒவ்வோரிடத்திலும் ஓர் இரும்புப் பட்டியோ, முறுக்குக் கம்பியோ, கொங்கிறீற்று வளையத்துள் புதைத்த போல்ட்டோ விடையாகக் கிடைக்கும் வீடுதான் புயலுக்கு ஆயத்தமான வீடு. நம்மிற் பெரும்பாலோர் வீட்டிலே இந்த வினாக்களில் ஒன்றுக்கு, அதன் பாரத்தால் தானே இருக்கிறது என்பதே பதிலாக வரும். அந்தப் பதில் ஓட்டுக் காலத்தில் ஓரளவு செல்லுபடியானது. ஓட்டை இறக்கிவிட்டுத் தகட்டை ஏற்றுகின்றவர், நாற்பது கிலோவைக் கழற்றி ஐந்து கிலோவை வைக்கிறார் என்பதையும், அதுநாள் வரையில் வளையையும் கைமரத்தையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்த பாரத்தைத் தானே நீக்கிவிடுகிறார் என்பதையும் சிந்திப்பதில்லை. கூரை மாற்றத்தின் பேரால் நிகழும் மிகப் பெரிய அபாயம் இதுவே என்பது என் அபிப்பிராயம். இதற்கு மாற்றான பட்டிகளின் விலையோ முழுச் செலவில் ஒரு சொற்பப் பகுதி.

பழைய கிடுகுக் கூரையை நினைத்து ஏங்குவது இக்கட்டுரையின் நோக்கமன்று. கிடுகு வருஷந்தோறும் மாற்ற வேண்டியது, தீப்பொறிக்கு அஞ்ச வேண்டியது, மழைக்கு இடையிடையே ஒழுகுவது. ஆனாலும் அதில் வரிசைக்கு வரிசை கயிறு இருந்தது என்பதை மறக்கலாகாது. கட்டுவதை நம் முன்னோர் வேலையின் மையமாக நினைத்தார்கள்; நாமோ அடுக்குவதையே வேலையாக நினைக்கிறோம்.

காற்று சம்பந்தமாகவே இன்னும் இரண்டொரு குறிப்புகள். தாழ்வாரத்தை நெடுந்தூரம் நீட்டிவிடுவது வெயிலுக்கு இதமே தவிர, அதன் அடிப்புறம் திறந்திருந்தால் காற்று அங்கே பிடி கொள்ளும். ஒன்றரை அடிக்கு மேற்படாமல் நீட்டி, அடிப்புறத்தைப் பலகையால் மூடிவிடுவது நன்று. விறாந்தையின் கூரையை வீட்டுக் கூரையின் தொடர்ச்சியாக அமைக்காமல் தனியாக அமைத்தால், விறாந்தைக் கூரை பறந்தாலும் வீட்டுக் கூரையை இழுத்துக்கொண்டு போகாது. நான்கு புறமும் சாயும் கூரை, இருபுறம் மாத்திரம் சாய்ந்து முக்கோணச் சுவரோடு நிற்கும் கூரையிலும் பார்க்கக் காற்றை நன்றாக விலக்கும். ஓரத்திலும் முகட்டிலும் ஆணிகளை நெருக்கமாகவும் நடுவிலே சற்று அகலவும் இடுவதும், தகடுகளின் பக்க மடிப்பு வாடைக்கு முதுகு காட்டும்படி எதிர்ப்புறத்திலிருந்து அடுக்கத் தொடங்குவதும் ஒரு சதமும் அதிகச் செலவில்லாத காரியங்கள்.

அடுத்து உப்பு. கடலை அண்டிய ஊரிலே துத்தநாகம் பூசிய சாதாரணத் தகரம் எத்தனை வருஷம் நிற்கும் என்பதை எவரும் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை; ஊரை அடுத்த அரிசிமலைக் கரையோரம் வரையில் ஒருமுறை நடந்து வந்தாலே போதும். இப்போது பலரும் விரும்பும் துத்தநாக அலுமினியக் கலப்புப் பூச்சுத் தகடு, சனங்கள் வாயில் அமானோ என்று வழங்குவது, உப்புக் காற்றை அதிலும் மேலாகத் தாங்கும். ஆனால் தகட்டுக்கு அவ்வளவு பணம் கொடுத்தவர் அதைப் பிடிக்கும் ஆணியை மலிவாக வாங்கினால், துரு முதலில் ஆணியைத் தின்று, பின்னர் ஆணித்துளை வழியாகத் தகட்டையும் தின்னத் தொடங்கும். வெயிலில் பொடிந்துபோகும் மட்டமான வாஷரும் அப்படியே. அலுமினியம் கலந்த பூச்சு ஈரச் சீமெந்துச் சாந்தைத் தாங்காது. ஆதலால் ஓட்டு முகட்டைச் சாந்தால் பூசும் பழக்கத்தை அப்படியே தகட்டுக் கூரைக்கும் கொண்டுவந்து முகட்டை அப்பிவைப்பது, பாதுகாப்பென்று நினைத்துச் செய்யும் கெடுதி. அதற்கென்று வளைத்த முகட்டு மூடியே வேண்டும். கூரையிலே துளையிடும்போது சிதறும் இரும்புத்தூளை அன்று மாலையே துடைத்துவிடாவிட்டால் சில நாட்களிலேயே தகடெங்கும் துருப்புள்ளி தோன்றும். வாங்கிய தகடு மட்டமென்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவதற்கு முன் இதை விசாரித்துக்கொள்ளுதல் நலம்.

வெப்பத்தைப் பற்றிப் பேசும்போது புல்மோட்டைக்கு ஒரு விசேஷ உரிமை இருக்கிறது. இவ்வூர்க் கரையின் கறுத்த மணலில் இல்மனைற்று மிகச் செறிவாகக் கிடக்கிறது. அதனை அகழ்ந்து பிரிப்பதற்காக 1957ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட கனிய மணல் கூட்டுத்தாபனத்தின் வழிவந்ததே இன்று இங்கு இயங்கும் நிறுவனம். அந்த இல்மனைற்றிலிருந்து எடுக்கப்படும் தைத்தானியம் ஈரொட்சைட்டே உலகெங்கும் வெள்ளை வர்ணப்பூச்சுக்கு வெண்மையைத் தருவது. மணல் கப்பலேறிப் போகிறது. வெண்மை டின்களில் அடைபட்டு, அதன் விலையும் பன்மடங்காகித் திரும்பி வருகிறது. இந்த வர்த்தகத்தின் நியாய அநியாயங்கள் வேறொரு கட்டுரைக்கு உரியவை. இங்கே சொல்ல வேண்டியது இவ்வளவே: நல்ல வெள்ளைப் பூச்சுள்ள புதிய கூரை தன்மேல் விழும் சூரிய ஒளியில் ஐந்தில் நான்கு பங்கு வரையில் திருப்பியனுப்பிவிடும், கடும் நிறக் கூரையோ அதன் பெரும்பகுதியை உறிஞ்சி, நடுப்பகலில் அறுபது பாகை செல்சியஸையும் தாண்டிக் கொதித்து, அந்தச் சூட்டை இரவு வரையில் உறங்குபவர் மேல் இறக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இந்த வித்தியாசத்தை உடம்பே அறியும். இந்தியாவில் அகமதாபாத் நகரம் ஏழைகளின் கூரைகளுக்கு வெள்ளை பூசும் திட்டத்தை நடத்தியிருக்கிறது. தெலங்கானா மாநிலம் 2023ஆம் ஆண்டில் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கையை வகுத்தது. வெண்மையின் மூலப்பொருளை ஏற்றுமதி செய்யும் ஊரிலே நாம் தகட்டைத் தெரிந்தெடுக்கும்போது, பக்கத்து வீட்டுக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று கரும்பச்சையும் கருஞ்சிவப்பும் கேட்டு வாங்குகிறோம்.

தகட்டின் கீழே விரிக்கும் அலுமினியத் தாளுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. பளபளக்கும் முகம் வெறுங்காற்றைப் பார்த்தபடி குறைந்தது ஓர் அங்குல இடைவெளி விட்டிருந்தாற்றான் அது வெப்பத்தைத் தடுக்கும். தகட்டோடு ஒட்டிக் கிடந்தால் அது சூட்டைக் கடத்தும் இன்னொரு தகடு மாத்திரமே. சலாகையின் மேல் தாளைத் தொய்வாக விரித்து விடுவதற்கு ஓடாவியாருக்குப் பத்து நிமிஷம் அதிகமாகும், அவ்வளவுதான். பின்னர் அந்தச் சூடான காற்று வெளியேற வழி வேண்டும்: தாழ்வாரத்தின் அடியில் கம்பிவலை இட்ட துவாரங்களும், முகட்டிலோ முக்கோணச் சுவரின் உச்சியிலோ ஒரு திறப்பும் இருந்தால், சூடேறிய காற்று மேலே போகக் கீழிருந்து புதுக்காற்று தானே வரும். நம் வீடுகளில் சீலிங் அடித்தவுடன் இந்த வழிகளை வௌவாலுக்கும் குருவிக்கும் பயந்து இறுக அடைத்துவிடுவதால், கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவே ஓர் அடுப்பு எரிகிறது. வௌவாலுக்கு வலை போதும்.

இனி அஸ்பெஸ்டஸ். எங்கள் மாவட்டத்தில் மாற்றப்படும் கூரைகளில் பல இதுவாகவே இருப்பதால் சற்று விரித்தே சொல்ல வேண்டும். சுனாமிக்குப் பின்னும் யுத்தத்துக்குப் பின்னும் அவசர அவசரமாக எழுந்த வீடுகளுக்கு அது மலிவாகவும் விரைவாகவும் கிடைத்தது; குரங்குகள் ஓட்டை உடைக்கும் தொல்லையால் ஓட்டை விட்டு அதற்கு மாறியவர்களும் உண்டு, அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நீல அஸ்பெஸ்டஸை இலங்கை 1987ஆம் ஆண்டிலேயே தடை செய்தது. வெள்ளை அஸ்பெஸ்டஸ் தொடர்ந்து இறக்குமதியாகிறது. எல்லா வகை அஸ்பெஸ்டஸும் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் ஐயத்துக்கு இடமின்றி முடிவு செய்த விஷயம். தூசைச் சுவாசித்தவருக்கு நோய் வெளிப்பட இருபது முதல் நாற்பது வருஷங்கள் வரையில் செல்லக்கூடும் என்பதனால்தான் யாரும் அதன் குற்றத்தை நேரிற் காண்பதில்லை. 2018ஆம் ஆண்டு முதல் இறக்குமதியைக் கட்டுப்படுத்திப் படிப்படியாக ஒழிப்பதென்று அரசாங்கம் தீர்மானித்திருந்தது. 2017ஆம் ஆண்டு டிசம்பரில், இலங்கைத் தேயிலைப் பொதியொன்றில் வண்டு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டதென்று சொல்லி ரஷ்யா நமது தேயிலையைத் தற்காலிகமாகத் தடை செய்தது. அஸ்பெஸ்டஸை நமக்கு மிகுதியாக விற்கும் தேசமும் அதுவே. சில நாட்களுக்குள் நமது தடை பின்போடப்பட்டது, அவர்களது தடையும் நீங்கியது. ஒரு வண்டின் பெயரால் நம் கூரையின் தலைவிதி எழுதப்பட்ட அந்த மாதத்தை நினைக்கும்போது, பொதுஜன சுகாதாரம் நம் தேசத்தில் எந்தத் தராசில் நிறுக்கப்படுகிறது என்று கேட்காதிருக்க முடியவில்லை.

தலைக்கு மேலே முழுதாக, அசையாமல் இருக்கும் பழைய சீற் உடனே கொல்லும் பொருளல்ல. உடைக்கும்போதும் அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் எழும் தூசே நஞ்சு. ஆகையால் கூரை மாற்றுவோர் கவனத்துக்குரிய முதற்செலவு புதுத் தகடன்று, பழைய சீற்றை இறக்கும் முறை. நீரால் நன்றாக நனைத்து, ஆணியைக் கழற்றி, முழு முழுச் சீற்றாகக் கைமாற்றி இறக்க வேண்டும். மேலிருந்து நிலத்தில் எறியக்கூடாது, மின்வாளால் அறுக்கக்கூடாது, பாசி போக்கக் கம்பித் தூரிகையால் தேய்க்கக்கூடாது. வேலை செய்வோருக்குச் சாதாரணத் துணி முகக்கவசம் போதாது. நுண்தூசை வடிகட்டும் முகக்கவசமே வேண்டும். பிள்ளைகளை அன்றைக்கு உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். இறக்கிய துண்டுகளைத் தடித்த பொலித்தீனில் சுற்றி வைக்க வேண்டுமென்பதெல்லாம் சரி. சுற்றியபின் எங்கே கொண்டுபோய் வைப்பது என்ற கேள்விக்குத்தான் விடையில்லை. அதனால் அவை வளவின் பள்ளத்தை நிரப்பவும், கோழிக்கூட்டுக்கு மறைப்பாகவும், மாரியில் சேறாகும் ஒழுங்கையில் பரப்பவும் பயன்பட்டு, சக்கரமும் காலும் மிதித்து மிதித்துப் பொடியாகின்றன. புல்மோட்டைக்கும் குச்சவெளிக்கும் பொதுவாக, மூடிய குழியுடன் ஓரிடத்தைப் பிரதேச சபை ஒதுக்கித் தருவது பெரிய காரியமல்ல. இதுவரை அதைக் கேட்டுச் சென்ற சனங்கள் குறைவு என்பதும் உண்மை.

மழை நீருக்கு வருவோம். திருகோணமலைக்கு வருஷத்தில் ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை கிடைக்கிறது. அதிற் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டிவிடுகிறது. ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் பெய்தால் ஒரு லீற்றர். ஆகவே அறுபது சதுர மீற்றர் கூரையில் நூறு மில்லிமீற்றர் பெய்யும் ஒரு நாளில் ஆறாயிரம் லீற்றர் நீர் வழிகிறது. பீலி இல்லாத வீட்டில் அந்த ஆறாயிரம் லீற்றரும் சுவரடியிலே விழுந்து, மணலைத் தோண்டி, அத்திவாரத்தை வெளிக்காட்டி, சுவரின் கீழ்ப்பாகத்தை ஆளுயரம் ஊறவைக்கிறது. பீலி இருந்தும் அதன் தாங்கிகள் அகல அகல வைக்கப்பட்டிருந்தால் முதற் பெருமழையிலேயே நடுவில் தொய்ந்து, குழாய் இருக்கும் பக்கத்தை விட்டு மறுபக்கம் வழியும். கூடலும் சுவரோரமும் இதிலும் நுட்பமானவை: ஒழுகும் கூரைகளைப் பார்த்தால் நடுத்தகட்டில் ஒழுகுபவை மிகச் சில, இரண்டு சாய்வுகள் கூடும் இடத்திலும், கூரை சுவரை முட்டும் இடத்திலும், குசினிப் புகைபோக்கி கூரையைத் துளைக்கும் இடத்திலும் ஒழுகுபவையே பல. அவ்விடங்களில் அகலமான தகட்டை மடித்து, சுவருக்குள் ஒரு வெட்டு வெட்டிச் செருகி அடைப்பதற்குப் பதிலாகச் சீமெந்தை அள்ளிப் பூசிவிட்டுப் போகும் வழக்கம், அடுத்த கச்சானில் வெடித்து அடுத்த மாரியில் ஒழுகுவதற்கான உத்தரவாதம்.

வழியும் நீரைச் சேர்ப்பதோ இக்கரைக்கு ஆடம்பரமல்ல. கடலோரக் கிணறுகள் கோடையில் உவர்க்கின்றன. மேற்கே பதவியாப் பக்கத்தில் காரணம் முற்றாகத் தெளியாத சிறுநீரக நோய் பல குடும்பங்களை வாட்டி, குடிநீரைப் பற்றிய சந்தேகம் வலுத்தபின், மழைநீர்த் தொட்டிகள் அங்கே ஒரு நிவாரணமாகவே கட்டப்பட்டன. முதல் மழையின் அழுக்கு நீரைத் தனியே கழித்துவிடும் ஒரு குழாயும், மூடியுள்ள தொட்டியும், கொசு புகாத வலையும் இருந்தால் புதுத் தகட்டுக் கூரையின் நீர் நல்ல நீரே. பழைய அஸ்பெஸ்டஸ் கூரையின் நீரைக் குடிப்பதற்குச் சேர்ப்பது விவேகமன்று.

சூரிய மின்தகடு வைக்கும் எண்ணமுள்ளவர்கள் கூரை மாற்றும் போதே அதை ஓடாவியாரிடம் சொல்லிவிட வேண்டும். இருபது வருஷத்துக்கு மேல் உழைக்கும் பொருளைப் பத்து வருஷத்தில் துருப்பிடிக்கும் கூரையில் ஏற்றுவதும், கைமரத்தைத் தொடாமல் வெறுந்தகட்டில் திருகிவிடுவதும் பின்னால் இருமுறைச் செலவு.

இவ்வளவும் செய்ய ஏழைக்குப் பணமெங்கே என்று கேட்பவர் உண்டு. அது நியாயமான கேள்வி, அதைத் தட்டிக்கழித்துவிட்டுக் கட்டுரை எழுதுவதில் பிரயோசனமில்லை. என் மறுமொழி, வரிசையை மாற்றுங்கள் என்பதே. சீலிங்கை அடுத்த வருஷத்துக்கு விடலாம். நிறத்தைத் துறக்கலாம், வெள்ளைக்கு அதிக விலை இல்லை. தகட்டின் அலங்கார வளைவுகளைத் துறக்கலாம். மழைநீர்த் தொட்டியைக் கூடப் பின்னர் கட்டிக்கொள்ளலாம், பீலி மாத்திரம் இருந்தால். கைமரப் பட்டியையும், நல்ல திருகாணியையும், கூடல் தகட்டையும் பின்னர் சேர்க்க முடியாது. மூடிய கூரையை மீண்டும் பிரித்தால்தான் அவற்றைச் சேர்க்கலாம். அப்படிப் பிரிப்பவர் எவருமில்லை.

தனி மனிதரிலும் பார்க்க, வீடமைப்புத் திட்டம் நடத்துவோரிடம் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். யுத்தத்துக்குப் பின் இந்திய அரசின் உதவியோடு வடக்கு, கிழக்கு, மலையகம் ஆகிய பகுதிகளுக்கென அறிவிக்கப்பட்ட 50,000 வீட்டுத் திட்டத்தில், வடக்கு கிழக்கில் வீட்டுக்காரரே கட்டிக்கொள்ளும்படி ஐந்தரை லட்சம் ரூபாய் கட்டங்கட்டமாக வங்கிக் கணக்கில் இடப்பட்டது. அந்த முறை நல்ல முறை, கட்டுபவருக்கு மரியாதை தந்த முறை. அதன் பின் 2016ஆம் ஆண்டளவில் 65,000 இரும்பு வீடுகளைப் பற்றிய சர்ச்சை எழுந்தபோது, வீடொன்றுக்கு ஏறத்தாழ இருபத்தொரு லட்சம் ரூபாய் என்ற விலையோடு வெப்பமும் காற்றோட்டமும் உறுதியும் பொதுமேடையிலே விவாதிக்கப்பட்டு, அத்திட்டம் கைவிடப்பட்டது. கூரையைப் பற்றி நம் சமூகம் ஊன்றிப் பேசிய ஒரே தருணம் அதுவாக இருக்கலாம். கட்டங்கட்டமாகப் பணம் தரும் எந்தத் திட்டத்திலும், கூரைக் கட்டத்துப் பணத்தை இரண்டாகப் பிரித்து, தகடு ஏறுவதற்கு முன் மரச்சட்டத்தையும் பட்டிகளையும் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து பார்த்தபின் ஒரு பாதியும், பீலியும் கூடலும் பூர்த்தியானபின் மறுபாதியும் கொடுப்பதென்று ஒரு விதி செய்தால் போதும். புதிதாக ஒரு சதமும் அதற்குத் தேவையில்லை. தேசிய வீடமைப்பு அதிகார சபையும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனமும், 1980ஆம் ஆண்டு நூலின் சாரத்தையும் பின்னர் வந்த அனர்த்தத் தாங்குதிறன் வழிகாட்டிகளின் சாரத்தையும் நாலு பக்கத்தில், படங்களோடு, ஓடாவிமார் பேசும் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு ஹார்ட்வெயார் கடையிலும் தொங்கவிடலாம். மதிப்பீட்டுத் தாளில் அந்தச் சிறு வரிகளைக் கடை முதலாளி முன்கூட்டியே அச்சிட்டு வைத்தால், அவற்றை வெட்டுவதற்காவது ஒரு நிமிஷம் யோசிக்க நேரும்.

வேலைக்குரிய காலம் வைகாசி கழிந்து புரட்டாதி வரையிலுள்ள வறண்ட மாதங்கள். பகலேறியபின் கச்சான் பலமாக வீசுமாதலால், நீண்ட தகடுகளை ஏற்றும் வேலையை விடியற்காலையில் தொடங்கிக் காற்று எழுவதற்குள் முடித்து, அன்றன்று ஏற்றிய தகட்டை அன்றன்றே முழுதாகத் திருகிவிட்டு இறங்குவது நல்லது. அரைகுறையாகப் பிடித்த தகடொன்று மதியக் காற்றில் கழன்றால், கீழே நிற்பவர் கழுத்துக்கு அது வாள்.